களத்துச் சொல்லும் ஊர்ச் செவியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இலக்கியம் பயின்றோர் காணவேண்டிய பிற துறைகள்' என்னும் பொதுத் தலைப்பில் இன்று காலை முதல் உரைகள் நிகழ்ந்துவருகின்றன. சட்டம், மருத்துவம், திரைப்படம் ஆகியவை பற்றி எனக்கு முன் பேசியோர் விரிவாக எடுத்துரைத்தனர். நான் எடுத்துக்கொண்ட துறை சற்று வேறானது. படைத்துறையில் மக்கள் தொடர்பு அலுவலராகப் பணிபுரிவோரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தமிழாசிரியைக்கும் படைக்கும் என்ன உறவு என்று சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. புறநானூற்றையும் புறப்பொருள் வெண்பாமாலையையும் ஆண்டுதோறும் பாடமாக நடத்துவோர்க்குப் படையோடு உறவு இல்லாமற் போகுமா?

'பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளர் தெரிவித்தார்' என்னும் தொடரை நாம் வானொலியில் கேட்டிருக்கிறோம், நாளேடுகளில் படித்திருக்கிறோம். பெரும்பாலும் அவருக்குப் பெயர் இராது, முகம் இராது. போர்க்களத்துக்கும் நம் வீட்டுத் திண்ணைக்கும் இடையே நிற்கும் அந்த ஒருவர் யார்? அவர் சொல்லை நாம் எதன் பொருட்டு நம்ப வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் என்னால் இயன்ற அளவில் விடை தேட முற்படுகிறேன்.

பலர் சொன்ன செய்தி

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் புறநானூற்றின் 278ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. முதியவள் ஒருத்தியின் மகன் போருக்குச் சென்றிருக்கிறான். அவன் புறங்காட்டிவிட்டான் என்று ஊரார் பலர் வந்து சொல்கின்றனர். அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வெகுண்டு, வாளேந்திக் களம் புகுகிறாள் தாய். பிணங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே செல்கிறாள். வெட்டுண்டு சிதறிக் கிடக்கும் மகனைக் காண்கிறாள். அவனைப் பெற்ற நாளினும் மிகுதியாக மகிழ்கிறாள். உவகைக் கலுழ்ச்சித் துறைக்கு எடுத்துக்காட்டாக இப்பாடலை நாம் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம்.

அன்று வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். அவள் அண்ணன் வடக்கு எல்லையில் பணியில் இருந்தான். "அம்மா, அந்தத் தாய்க்கு முதலில் வந்து சொன்னவர்கள் போர்க்களத்தைப் பார்த்தார்களா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. நான் அதுவரை அப்பாடலை வீரத்தின் பாடலாகவே நடத்தியிருந்தேன். அவள் வினா அதனைச் செய்தியின் பாடலாக ஆக்கிவிட்டது.

எண்ணிப் பாருங்கள். அந்தத் தாய்க்குச் செய்தி சொன்னவர் 'பலர்'. பலர் என்றால் எவரும் பொறுப்பில்லை என்று பொருள். செய்தியோ பொய். மகன் புறமுதுகிட்டதாகச் சொன்னார்கள்; அவன் நின்று பொருது மாண்டிருந்தான். உண்மையை அறிய அவளுக்கு வேறு வாயில் இல்லை. ஆகவே முதியவளாயினும் தானே களத்துக்குப் போக வேண்டியதாயிற்று. நம்பத்தக்க ஒரு வாய் இல்லாத நாட்டில் ஒவ்வொரு தாயும் பிணங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். படைத்துறையில் மக்கள் தொடர்பு அலுவலர் என ஒருவர் இருப்பதன் முதல் நியாயம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

ஒளவை கண்ட கொட்டில்

இதே புறநானூற்றின் 95ஆம் பாடல் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. அதியமானின் தூதாக ஒளவையார் தொண்டைமானிடம் சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலை அவர்க்குத் திறந்து காட்டினான் என்பது பாடற்குறிப்பு. நெய் பூசி, மாலை சூட்டி, காவலோடு அடுக்கி வைக்கப்பட்ட கருவிகளை ஒளவையார் கண்டார். அதியமானின் கருவிகளோ போரில் முனை முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று மட்டும் சொன்னார். புகழ்வது போன்ற அச்சொல்லில், உன் படை போர் கண்டதில்லை என்னும் உண்மை ஒளிந்திருந்தது.

தொண்டைமான் அன்று செய்தது என்ன? இக்காலத்தில் செய்தியாளர்களைப் படைமுகாமுக்கு அழைத்துச் சென்று, காட்ட விரும்புவதைக் காட்டுகிறார்களே, அதன் பழைய வடிவம் அது. காட்டுபவன் கையில் கொட்டில் இருக்கிறது. ஆனால் காண்பவர் கண்ணை அவன் ஆள இயலாது. இந்த உண்மையை மறக்கும் படைத்துறை எப்போதும் ஏமாந்திருக்கிறது. இதற்கான சான்றைப் பின்னர்க் காட்டுவேன்.

திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூது. தூதனுக்குப் பரிவும் அறிவும் எண்ணிப் பேசும் ஆற்றலும் வேண்டும் என்பார் வள்ளுவர், வாய்மையையும் வற்புறுத்துவார், தன் உயிருக்கு முடிவு நேரினும் தன் அரசனுக்கு நலம் பயக்க வேண்டும் என்றும் சொல்வார். உரையாசிரியர்கள் தூதரை வகைப்படுத்தும்போது, தானே வகுத்துரைப்பவன் என்றும் சொல்லியனுப்பியதைச் சொல்பவன் என்றும் பிரித்துக் காட்டுவர். இன்றைய படைத்துறைத் தொடர்பாளர் இவ்விரண்டுமாக இருக்கிறார். எனினும் ஒரு பெரு வேறுபாடு உண்டு. வள்ளுவர் கண்ட தூதனுக்குத் தலைவன் ஒருவன். குடியாட்சியில் பணிபுரியும் இத்தூதருக்குத் தலைவர் இருவர். ஒருவர் அவரை அனுப்பிய படை. மற்றவர் அப்படைக்கு மக்களையும் வரிப்பணத்தையும் கொடுத்த ஊர். இருவருக்கும் உண்மையாக இருப்பது எப்படி என்பதே இத்தொழிலின் நடுவில் நிற்கும் இடர்.

பணி வளர்ந்த வழி

இந்தியப் படையின் இதழியல் நூறாண்டைக் கடந்தது. 'ஃபௌஜி அக்பார்' என்னும் படைவீரர் இதழ் 1909 இல் தொடங்கப்பெற்றது. 1954 இல் 'சைனிக் சமாச்சார்' எனப் பெயர் மாறிய அவ்விதழ், காலப்போக்கில் தமிழ் உட்படப் பதின்மூன்று மொழிகளில் வந்தது. படைமுகாம்களில் தமிழெழுத்தில் ஓர் இதழைக் காண்பது நம் ஊர் வீரர்களுக்கு எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் அதே ஆங்கிலேயர் ஆட்சியில் இன்னொன்றும் நடந்தது. முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டுக் களங்களிலிருந்தும் இங்கிலாந்து மருத்துவமனைகளிலிருந்தும் இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்கள் தணிக்கைக்கு உட்பட்டன. அவற்றின் மொழிபெயர்ப்புகள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. ஒரு கை வீரனுக்கு இதழ் கொடுத்தது. மறு கை அவன் கடிதத்தைப் பிரித்தது. படைத்துறைத் தொடர்பு இவ்விரு கைகளோடும் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இருந்தனர். அக்காலத்தில்தான் பத்திரிகையாளர் பலர் சீருடை அணிந்து இப்பணிக்கு வந்தனர். விடுதலைக்குப் பின் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மக்கள் தொடர்பு இயக்ககம் முப்படைகளுக்கும் பொதுவாகச் செயற்பட்டுவருகிறது. சென்னை உள்ளிட்ட நகரங்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. இந்தியத் தகவல் பணியைச் சேர்ந்த குடிமைப்பணி அலுவலர்களும், படையிலிருந்து வரும் சீருடை அலுவலர்களும் இதில் பணிபுரிகின்றனர்.

அவர்தம் அன்றாடப் பணி என்ன? செய்திக் குறிப்பு எழுதுவது ஒன்று. செய்தியாளரைக் களத்துக்கு அழைத்துச் செல்வது ஒன்று. எதை வெளியிட்டால் வீரர் உயிருக்கு ஊறு நேரும் என்று படைத்தலைவரிடம் கேட்டறிவதும், எதை மறைத்தால் படையின் பெயருக்கு ஊறு நேரும் என்று அதே தலைவரிடம் எடுத்துரைப்பதும் இன்னொன்று. வெள்ளம், புயல், ஆழிப்பேரலைக் காலங்களில் மீட்புப்பணி பற்றி நேரந்தோறும் சொல்ல வேண்டும். வீரர் ஒருவர் மாண்டால், அவர் வீட்டாருக்குத் தகவல் சேர்ந்த பின்னரே பெயர் வெளிவர வேண்டும் என்பது உலகெங்கும் போற்றப்படும் முறை. அந்தச் சில மணி நேரம் செய்தியாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவே வாய்மூடி இருப்பதும் இவர் கடமை.

பாலக்காட்டு உண்ணி நாயர்

நம் திண்டுக்கல் ரயில் நிலையத்திலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக ஓர் இருப்புப்பாதை பாலக்காட்டுக்குச் செல்கிறது. அந்தப் பாலக்காட்டை அடுத்த பரளி என்னும் ஊரில் 1911 இல் பிறந்தவர் எம். கே. உண்ணி நாயர். அன்று அப்பகுதியும் நம் பகுதியும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. சென்னையில் பத்திரிகைத் துறையில் பணிபுரிந்த அவர் பின்னர்ப் படையில் சேர்ந்து மக்கள் தொடர்பு அலுவலரானார்; கர்னல் பதவி வரை உயர்ந்தார். 'மை மலபார்' என்னும் நூலின் ஆசிரியர் அவர். எழுத்தாளர் ஒருவர் படைக்குச் சென்று, எழுத்தைக் கைவிடாமல் இருந்தமைக்கு அவர் ஒரு சான்று.

1950 இல் கொரியப் போர் மூண்டது. ஐக்கிய நாடுகள் அவையின் கொரிய ஆணையத்தில் இந்தியாவின் மாற்றுப் பிரதிநிதியாக உண்ணி நாயர் அங்கே இருந்தார். அலுவலகத்தில் அமர்ந்து, வரும் தாள்களைப் படித்தே அறிக்கை எழுதியிருக்கலாம். அவரோ களத்தை நேரில் காணப் புறப்பட்டார். 1950 ஆகஸ்டு 12 அன்று, நாக்டாங் ஆற்றங்கரையில் வேக்வான் என்னும் ஊருக்கு அருகே அவர் சென்ற ஜீப் கண்ணிவெடியில் சிக்கியது. அவருடன் சென்றவர்கள் இலண்டன் 'டைம்ஸ்' நாளேட்டின் இயான் மாரிசன், 'டெய்லி டெலிகிராஃப்' நாளேட்டின் கிறிஸ்டஃபர் பக்லி என்னும் செய்தியாளர் இருவர். மூவரும் உயிரிழந்தனர். உண்ணி நாயருக்கு அப்போது வயது 39. தென்கொரியாவின் தேகு நகரில் அவர் நினைவிடம் இன்றும் பேணப்படுகிறது.

இந்நிகழ்ச்சியில் நான் காண்பது இது. அன்று அவர் படைத்தொடர்பு அலுவலராக அங்குச் செல்லவில்லை. ஆயினும் அத்தொழில் அவருக்குக் கற்பித்த பழக்கம் அவரை விடவில்லை. தான் சொல்லப்போவதைத் தன் கண்ணால் காண வேண்டும் என்பது அப்பழக்கம். அவரும் இரு செய்தியாளரும் ஒரே வண்டியில் இருந்தனர். 'பலர் சொன்னார்கள்' என்பதற்கு நேர் எதிரான நிலை அது. சொல்பவன் கேட்பவனுடைய இடருக்கு உடன்படும்போது அவன் சொல்லுக்கு எடை கூடுகிறது. தூதனின் உயிர் முடிவைப் பற்றி வள்ளுவர் சொன்னது வெறும் அணி அன்று என்பதற்கு நம் அண்டை ஊர்க்காரர் ஒருவரே சான்றாயினார்.

ஒரே ஆண்டில் இருவர்

ஒளவையின் கொட்டிலுக்கு இக்காலச் சான்று தருவேன் என்றேன். 1971 மார்ச்சு 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் படை தன் நாட்டு மக்கள்மீதே ஒடுக்குமுறையைத் தொடங்கியது. அங்கு அமைதி திரும்பிவிட்டது என உலகுக்குக் காட்ட விரும்பி, ஏப்பிரலில் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து எட்டுச் செய்தியாளரை அப்படை அழைத்துச் சென்றது. எழுவர் திரும்பி வந்து, எழுதச் சொன்னதை எழுதினர். எட்டாமவர் கராச்சி 'மார்னிங் நியூஸ்' ஏட்டைச் சேர்ந்த அந்தோனி மாஸ்கரனாஸ். தான் கண்ட கொலைகளை அவரால் விழுங்க இயலவில்லை. இலண்டனுக்குச் சென்றார், தம் குடும்பத்தைப் பாகிஸ்தானிலிருந்து வெளியே கொண்டுவந்த பிறகு, 1971 ஜூன் 13 அன்று 'சண்டே டைம்ஸ்' இதழில் அனைத்தையும் எழுதினார். உலகின் பார்வை மாறியதற்கு அக்கட்டுரையும் ஒரு காரணம். படையே ஏற்பாடு செய்த சுற்றுலா படையின் குற்றத்தை வெளிக்கொணர்ந்தது. தொண்டைமான் கொட்டிலைத் திறந்தான், ஒளவை கண்டுவிட்டாள்.

அதே ஆண்டில், அதே டாக்காவில், அதே படையின் மக்கள் தொடர்பு அலுவலராக இருந்தவர் சித்திக் சாலிக். நாள்தோறும் தன் படைக்காகப் பேசுவது அவர் வேலை. டிசம்பர் 16 அன்று அப்படை சரணடைந்தபோது அவரும் போர்க்கைதியானார். இந்தியாவில் சிறைமுகாமில் இருந்தார். விடுதலையாகித் தாய்நாடு சென்ற பின் 'விட்னஸ் டு சரண்டர்' என்னும் நூலை எழுதி 1977 இல் வெளியிட்டார். தன் தலைவர்களின் பிழைகள் பலவற்றை அதில் எடுத்துரைத்தார். பின்னர் அப்படையின் மக்கள் தொடர்புத் துறைக்கே தலைவராகி, 1988 இல் அதிபர் ஜியா உல் ஹக் இறந்த அதே விமான விபத்தில் அவரும் மாண்டார்.

மாஸ்கரனாஸை நாம் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். சாலிக்கை என்ன சொல்வது? பணியில் இருந்தபோது சொல்ல இயலாததை ஆறாண்டு கழித்து எழுதினார். காலம் கடந்த உண்மை இறந்தவரை எழுப்பாது. எனினும் அவர் எழுதாமலே இருந்திருந்தால் வரலாறு இன்னும் வறுமையுற்றிருக்கும். இத்தொழிலின் உள்ளே இருப்போர் படும் நெருக்கடியை அறிய விரும்பும் மாணவர் இவ்விருவரையும் ஒருசேரப் படிக்க வேண்டும். ஒருவர் வெளியேறி உண்மை சொன்னார். மற்றவர் உள்ளே இருந்தார், நாள் கடத்தினார், பிறகு எழுதினார். உள்ளே இருந்துகொண்டே உரிய காலத்தில் உண்மை சொல்லும் மூன்றாம் வழி ஒன்று உண்டா என்பதே நம்முன் உள்ள வினா.

திண்டுக்கல் பூட்டு கற்பிப்பது

அவ்வழி உண்டு என்றே நான் நம்புகிறேன். அதனை விளக்க நம் ஊர்ப் பூட்டையே எடுத்துக்கொள்கிறேன். 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது திண்டுக்கல் பூட்டு. கதவில் தொங்கும் மாங்காய்ப் பூட்டு வெளியே நிற்பவனிடம் என்ன சொல்கிறது? 'உள்ளே பொருள் இருக்கிறது. இப்போது திறக்க இயலாது. சாவி உரியவரிடம் இருக்கிறது' என்று சொல்கிறது. அது மறைக்கிறது, ஆனால் பொய் சொல்லவில்லை. கதவே இல்லாத சுவரில் கதவு வரைந்து வைப்பவன்தான் பொய்யன். மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு. படைக்கு மறைக்கும் உரிமை உண்டு. பொய்க்கும் உரிமை அதற்கு இல்லை. குறிப்பாகத் தன் மக்களிடம் இல்லை.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது, வீரர்கள் கயிற்றில் இறங்குவதைக்கூடத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டின. அதனைக் கண்டு எல்லைக்கு அப்பாலிருந்தோர் தாக்குதல்காரர்களுக்குத் தொலைபேசியில் வழிசொல்லினர். அந்தக் கதவுக்குப் பூட்டு வேண்டியிருந்தது. பின்னர் 2015 இல், பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டலாகாது, அரசு அமர்த்தும் அலுவலர் அவ்வப்போது தரும் விளக்கத்தையே வெளியிடலாம் என்று கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டன. ஒரே ஒருவர் வாயை நாடு முழுவதும் நம்பியிருக்க வேண்டும் என்றால், அந்த வாய் எத்துணைத் தூய்மையாக இருக்க வேண்டும்!

2025 மே மாதத்து மோதலை நினைவுகூருங்கள். மே 7 அன்று வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியுடன் கர்னல் சோஃபியா குரேஷி, விங் கமாண்டர் வியோமிகா சிங் என்னும் பெண் அலுவலர் இருவர் நாட்டுக்கு விளக்கம் அளித்தனர். ஒருவர் தகவல் தொடர்புப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். மற்றவர் ஹெலிகாப்டர் விமானி. மிகைச்சொல் இன்றி இடம், நேரம், நோக்கம் ஆகியவற்றை எடுத்துரைத்த அவர்தம் நடை பலரைக் கவர்ந்தது. 1992 இல்தான் மருத்துவம் சாராத பிரிவுகளில் பெண்களை அலுவலராக எடுக்கத் தொடங்கியது நம் தரைப்படை; அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்ட இடம் நம் சென்னைப் பரங்கிமலை. முப்பத்து மூன்று ஆண்டுகளில் படையின் குரலே பெண்குரலாக ஒலித்தது கண்டு மகிழ்ந்தோரில் நானும் ஒருத்தி.

அதே நாட்களில் மற்றொன்றும் நிகழ்ந்தது. கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்பன போன்ற பொய்ச் செய்திகளைச் சில தொலைக்காட்சிகள் இரவு முழுதும் முழங்கின. 'பலர்' திரும்ப வந்துவிட்டனர்! இம்முறை அவர்கள் கையில் ஒலிவாங்கி இருந்தது. மே 11 அன்று நம் போர்விமான இழப்புப் பற்றிக் கேட்கப்பட்டபோது, ஏர் மார்ஷல் ஏ. கே. பாரதி, போர் என்றால் இழப்பும் உண்டு என்ற அளவில் சொல்லி, விவரம் கூற மறுத்தார். அம்மாத இறுதியில் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் சிங்கப்பூரில் இழப்பு நேர்ந்ததை ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை சொல்லவில்லை. சொன்னது போதாது என்று குறை கூறியோர் உண்டு. சொன்னதே மிகுதி என்றோரும் உண்டு. என் கருத்தில், 'இழப்பே இல்லை' என்று சொல்லாமல் விட்டதே பெரிது. அது பூட்டு, வரைந்த கதவு அன்று. ஆனால் பூட்டுக்குச் சாவி என்றேனும் வர வேண்டும். 1962 போர்த் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அறுபதாண்டு கடந்தும் அரசு வெளியிடவில்லை. சாவி தொலைந்த பூட்டை உடைக்கத்தான் பிறர் முற்படுவர். அதன் ஒரு பகுதியை 2014 இல் வெளிநாட்டுச் செய்தியாளர் நெவில் மாக்ஸ்வெல் வெளியிட்டது அவ்வாறு நேர்ந்ததே.

தமிழர்க்குள்ள கடமை

இறுதியாக, நம் மொழி சார்ந்த ஒரு கருத்து. மே 7 அன்று கர்னல் குரேஷி இந்தியிலும் விங் கமாண்டர் சிங் ஆங்கிலத்திலும் பேசினர். நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் ஆத்தூரிலும் உள்ள தாய்மார்க்கு அச்சொல் மொழிபெயர்ப்பாகவே வந்துசேர்ந்தது. ஆகவே களத்துச் சொல்லின் கடைசித் தூதர் தமிழ் மொழிபெயர்ப்பாளரே. அவர் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 'கேஷுவல்ட்டி' என்னும் ஆங்கிலச் சொல் படைவழக்கில் மாண்டவர், காயமுற்றவர் ஆகிய அனைவரையும் குறிக்கும். நம் அரசு மருத்துவமனையில் 'கேஷுவாலிட்டி' என்ற பலகை மாட்டிய இடத்துக்கு நாம் அடிபட்டவரைத்தானே கொண்டு செல்கிறோம்? ஆனால் போர்ச் செய்தியில் அச்சொல் வந்தவுடன் 'பலி' என்று எழுதிவிடுகிறோம். இருபது 'கேஷுவல்ட்டி' இருபது பலியாகிவிடுகிறது. காயத்தோடு மருத்துவமனையில் கண்விழித்திருக்கும் மகனுக்கு ஊரில் ஒப்பாரி எழுந்துவிடும். இவ்வாறே 'மிஸ்ஸிங்' என்றால் இன்னும் தகவல் தெரியாதவர், இறந்தவர் அல்லர். 'மார்ட்டிர்' என்னும் சொல்லைப் படைத்துறை தன் அலுவல் வழக்கில் ஆள்வதில்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. நாமோ 'தியாகி', 'வீரமரணம்' என்று உடனே எழுதுகிறோம். அன்பினால் எழுதுவது குற்றமன்று. ஆனால் அலுவலர் சொன்னதையும் நாம் சேர்த்ததையும் வாசகர் பிரித்தறிய வேண்டும்.

இதன் எடையை உணர்த்த ஒருவரை மட்டும் நினைவுபடுத்துகிறேன். இங்கிருந்து சில மணி நேரத் தொலைவிலுள்ள திருச்சியைச் சேர்ந்தவர் மேஜர் மாரியப்பன் சரவணன். பீகார் படைப்பிரிவில் பணிபுரிந்த அவர், கார்கில் போரில் 1999 மே 29 அன்று பத்தாலிக் பகுதி மலையுச்சியில் பகைவரோடு பொருது மாண்டார். ஒரு மாதத்துக்கும் மேல் அவர் உடலை மீட்க இயலவில்லை, ஜூலையில்தான் மீட்கப்பட்டது. பின்னர் வீர் சக்ரா விருது அவருக்கு அளிக்கப்பெற்றது. அப்போரின்போது தில்லியில் நாள்தோறும் செய்தியாளர்க்கு விளக்கம் அளித்தவர்களுள் ஒருவர் கர்னல் பிக்ரம் சிங்; பிற்காலத்தில் தரைப்படைத் தலைமைத் தளபதியானவர். ஒரு நாளைய விளக்கத்தில் சொல்லப்படும் ஒவ்வோர் ஊர்ப்பெயரையும் ஒவ்வோர் எண்ணையும் நாட்டின் ஏதோ ஒரு மூலையில், உடல் வந்துசேராத ஒரு வீடு கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டின்முன் நின்று சொல்வதாக எண்ணியே அலுவலர் பேச வேண்டும். மொழிபெயர்ப்பாளர் எழுத வேண்டும்.

அக்கார்கில் போரை ஆராய்ந்த குழுவின் தலைவராக இருந்தவரும் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் அவர்களே. போரின் படிப்பினைகளை ஒளிக்காமல் தொகுத்த அவ்வறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பெற்றதாயினும், நாடாளுமன்றத்தின்முன் 2000 இல் வைக்கப்பெற்று நூலாகவும் வந்தது. சாவியை உரிய காலத்தில் திருப்பினால் படையின் மானம் குறையாது, கூடும் என்பதற்கு அது சான்று.

மாணவச் செல்வங்களே, இத்தொழில் உங்களுக்கும் உரியது. குடிமைப் பணித் தேர்வு வழியாக இந்தியத் தகவல் பணிக்குச் செல்லலாம். படைத்தேர்வு எழுதிப் பரங்கிமலைக்கும் செல்லலாம். இலக்கியம் படித்தோர் அங்குத் தேவைப்படுகின்றனர். ஏனெனில் ஒரு சொல் எத்தனை வீடுகளுக்குள் புகும் என்பதை அறிந்தோர் அவர்கள்.

பத்தாண்டு நிறைவுற்ற இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். படைச்செய்திகளில் வரும் நூறு சொற்களை எடுத்து, அவற்றுக்குப் பிழையற்ற தமிழும் விளக்கமும் எழுதி ஒரு சிறு கையேட்டை நாம் உருவாக்குவோம். ஓய்வுபெற்ற படைவீரர் நம் வட்டாரத்தில் பலர் இருக்கின்றனர். அவர்களைத் துணைக்கு அழைப்போம். நாளேட்டு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அதனை அனுப்புவோம். பெரும்பணம் தேவைப்படாத பணி; ஓராண்டு உழைப்பு போதும். இரண்டாம் பத்தாண்டின் முதற்பணியாக இதனை எடுத்துக்கொண்டால், நம் ஊர்த் தாய் எவளும் ஒரு தவறான சொல்லை நம்பி அழ வேண்டிய நிலை நம்மால் நேராது.